பச்சோந்தியைக் கூண்டில் வளர்க்கலாமா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது சென்னையில் வேலை. "சார், பொண்ணு பிறந்தநாளுக்குப் பச்சோந்தி கேக்குறா. வெளிநாட்டு வகை, கூண்டுலயே பிறந்ததுன்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்தாம் வகுப்புப் பையன்கள் வேலியிலிருந்து ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்தார்கள். ஓணானைக் கண்டாலே கல்லெறிகிற ஊரில், அடிக்காமல் கொண்டு வந்தார்களே என்று பாராட்டினேன். கண்ணாடி ஜாடியில் போட்டு, அடியில் சிவப்புத் துணி, பிறகு பச்சைத் துணி என்று மாற்றி மாற்றி வைத்து, "இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும், பாருங்கள்" என்றேன். அது சிவக்கவில்லை. கறுத்துக்கொண்டே போனது. கிண்ணத்தில் வைத்த தண்ணீரையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் செத்துக் கிடந்தது. ஒரு சிறுமி அழுதாள். "வயசாயிடுச்சும்மா" என்று சமாளித்தேன்.

உண்மை பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பச்சோந்தி பொதுவாகக் கிண்ணத்தில் குடிக்காது. இலையில் நிற்கும் பனித்துளியை, மழைத்துளியை நக்கும். நிறம் மாறுவதும் பெரும்பாலும் துணியின் நிறத்துக்காக அல்ல. வெயில், பயம், கோபம், இணை தேடுவது எல்லாம் அதன் தோலில் தெரியும். தோலின் செல்களில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அன்று அது கறுத்தது, என்னை விடு என்று கெஞ்சியதுதான். நான் அதைப் பாடம் என்று நடத்தினேன்.

இனி அந்த மாணவருக்கு. தம்பி, இது நாய்க்குட்டி போலக் கொஞ்ச வருகிற உயிர் அல்ல. தனியாக வாழ்வது. கையில் எடுத்தாலே பயப்படும், இன்னொரு பச்சோந்தியைப் பார்த்தாலும் மிரளும். காற்றோட்டமான வலைக்கூண்டு, தினமும் இலைகளில் நீர் தெளிப்பு, புற ஊதாக் கதிர் தரும் விளக்கு, கால்சியம் தூவிய உயிருள்ள பூச்சிகள் எல்லாம் வேண்டும். விளக்கோ கால்சியமோ குறைந்தால் எலும்பு வளைந்துவிடும்.

குட்டி எடுத்து விற்கலாம் என்பவர்களுக்கும் ஒன்று. ஏமன் நாட்டு வகையில் பெண், இணை சேராமலே முட்டை வைக்கும். தோண்ட ஆழமான ஈரமண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரே போகும். பொரிக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பொரித்த ஒவ்வொன்றுக்கும் பொடிப் பூச்சி தேட வேண்டும். வளர வளரத் தனித்தனிக் கூண்டும் வேண்டும்.

கூண்டில் பிறந்ததை வாங்கினால் காட்டில் பிடிப்பது குறையும் என்கிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் எது எங்கே பிறந்தது என்பதைக் கடைக்காரர் வாய்ச்சொல்லால் எப்படி நம்புவது? நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டு வகைகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது. காகிதம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

சலித்துப்போய் வெளியே விட்டால் அதுவும் கேடு. அதே 1972இல் வளர்ப்புக்காக ஹவாய்க்குக் கொண்டுபோன ஆப்பிரிக்கப் பச்சோந்திகள் வெளியேறிப் பெருகி, இன்று அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்கின்றன.

ஆகவே என் பதில்: வாங்க வேண்டாம். லீவுக்குக் குழந்தையை ஊருக்குக் கூட்டி வாருங்கள். மழை விட்ட காலையில் வேலியோரம் பொறுமையாக நின்றால் காணலாம். கண் இரண்டும் தனித்தனியே சுழல்வதையும், உடம்பைவிட நீளமான நாக்கு பாய்ந்து பூச்சியைப் பிடிப்பதையும் பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது. சாலையில் தள்ளாடிக் கடந்தால் வண்டியை நிறுத்தி, ஒரு குச்சியில் ஏற்றி மறுபக்கம் விடுங்கள்.

அன்று அழுத மாணவி இதைப் படிக்கக்கூடும். அம்மா, அது வயதாகிச் சாகவில்லை. உன் வாத்தியாருக்குத் தெரியாததால் செத்தது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் சார்