பிளஸ் ஒன் பாடத்தை இனி யார் நடத்துவார்கள்?

மாண்புமிகு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். உங்கள் துறை எடுக்கும் முடிவுகள் இரண்டு ஆண்டு கழித்து என் வகுப்பில் வந்து உட்காரும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. பதினைந்து வயதிலிருந்து மூன்று வருடம் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு எழுத வைப்பது கொடுமைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2017-ல் அந்தத் தேர்வு எதற்காகக் கொண்டுவரப்பட்டதோ அந்தக் காரணம், பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டிப்போவது, எங்கும் போய்விடவில்லை.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண். 2007-ல் நுழைவுத்தேர்வு ஒழிந்த பிறகு கலந்தாய்வுக்கு இந்தக் கணக்குதான் வாசல். கணிதத்தில் ஒரு மதிப்பெண் நழுவினால் தரவரிசையில் பல நூறு பேர் முன்னால் போய்விடுவார்கள். இது தெரிந்த பள்ளி என்ன செய்யும்? பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்துவிடும். இரண்டு வருடம் அதே பாடம். ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன், மாதிரித் தேர்வு, விடுதியில் ராத்திரி ஸ்டடி. பக்கத்து ஊர் அரசுப் பள்ளிப் பெண் அதே புத்தகத்தைப் பத்து மாதத்தில் படித்துவிட்டு அதே வினாத்தாளை எழுதுகிறாள். பிறகு இருவரையும் ஒரே தரவரிசையில் நிறுத்தி, இதுதான் தகுதி என்கிறோம்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார உறைவிடப் பள்ளிகள் ஒரு காலத்தில் மருத்துவ, பொறியியல் தரவரிசைகளில் கொடிகட்டிப் பறந்தன. நல்ல ஆசிரியர்களும் அதற்குக் காரணம், பிள்ளைகளின் உழைப்பும் காரணம். ஆனால் இந்தக் குறுக்குவழியை எடுத்த பள்ளிகள் பல மாவட்டங்களிலும் இருந்தன என்பது துறைக்குத் தெரியாத ரகசியம் அல்ல. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களைக் கட்டணச் சலுகை காட்டி இழுப்பது, ஒன்பதாம் வகுப்பிலேயே தேறமாட்டான் என்று தோன்றுபவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது என்ற பழக்கமும் கூடவே உண்டு. வாசலில் கட்டும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' ஃபிளெக்ஸில் பாதிப் பெருமை சல்லடைக்குச் சேர வேண்டியது.

எந்தப் பள்ளியில் படிக்கிறோம் என்பதே எந்தக் கல்லூரி என்பதை முடிவு செய்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால்தான் 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் கிராமத்து அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு அதில் இடமில்லை. பொதுத் தரவரிசையில்தான் அவள் முட்டிமோத வேண்டும்.

இந்தப் போட்டியில் ஜெயித்தவர்கள் கதையையும் சொல்கிறேன். எல்லைகள், வகையிடல், தொகையிடலின் ஆரம்பம் எல்லாம் பதினொன்றாம் வகுப்புப் பாடம். முதல் செமஸ்டர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நூற்றுக்கு நூறு வாங்கி வந்த பிள்ளைகள் சிலர், வகையிடல் என்றால் என்ன என்று கேட்டால் சூத்திரத்தை ஒப்பிப்பார்கள். ஏன் என்று கேட்டால் தலைகுனிவார்கள். முதல் அரியர் பெரும்பாலும் கணிதத்தில்தான் விழுகிறது. நீட், ஜேஇஇ இரண்டுமே பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஏறக்குறையப் பாதி கேட்பவை. அங்கே தடுக்கி விழுந்தவன் வீட்டில் பணம் இருந்தால் கோச்சிங் சென்டரில் ஒரு வருடம் உட்கார்ந்து, பள்ளி விட்டுப்போன பாடத்தை மறுபடி விலைக்கு வாங்குகிறான். நீட் வந்த பிறகு இரண்டாம் முறை எழுதி இடம்பிடித்தவர்களின் பங்கு எப்படி ஏறியது என்பதை நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கையில் பார்க்கலாம்.

உண்மையில் பிளஸ் ஒன் தேர்வு 2025-ல் சாகவில்லை. உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று 2018 செப்டம்பரில் அரசு அறிவித்தபோதே அது செத்துவிட்டது. முதல் தேர்வு நடந்து ஆறே மாதம்! கணக்கில் சேராத மதிப்பெண்ணுக்காக எந்தத் தாளாளர் மெனக்கெடுவார்? பள்ளிகளுக்குள் போட்டி இருப்பது தப்பில்லை. எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் அவை போட்டியிடும், அவ்வளவுதான்.

கல்லூரிச் சேர்க்கைக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997-ல் வேறு வழியில் யோசித்தது. மாநிலம் முழுக்க ஒரே வரிசை வேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு என்று சட்டம் போட்டது. அங்கேயும் சிக்கல் வந்தது. போட்டி குறைந்த பள்ளியாகப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். நெரிசல் தாங்காமல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் பின்னாளில் அந்த அளவைச் சுருக்கியது. நம் ஊரில் அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. இங்கே ஊரைவிட்டுத் தொலைவில் கொண்டுபோய் விடுதியில் சேர்க்கிறோம், அங்கே ஊரில் இருக்கும் பள்ளியையே தேடினார்கள். விதியை மாற்றினால் பெற்றோரின் ஓட்டமும் திசை மாறுகிறது.

பொதுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவரவும் நான் கேட்கவில்லை. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வுக்கு மாவட்ட அளவில் ஒரே வினாத்தாள் இருக்கட்டும். விடைத்தாள் வேறு பள்ளிக்குப் போகட்டும். ஃபெயில் என்று யாரையும் நிறுத்த வேண்டாம். அந்த மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கு, ஐந்தில் ஒன்று போதும், கட்-ஆஃபில் சேரட்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் வினாத்தாள் கடினம் மாறும் என்பார்கள். அதைச் சமன்செய்யும் கணக்கு அரசுக்குப் புதிதல்ல. பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா என்று பார்க்கப் பறக்கும் படை அனுப்புவதைவிட இதற்குச் செலவும் குறைவு.

ஆணை ஏப்ரலுக்குள் வந்தால், ஜூனில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே அது அவர்கள் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
முதலாமாண்டு கணித ஆசிரியை ஒருவர்