மூன்று பேர் வேலை, ஒருவர் சம்பளம்

2016 செப்டம்பர் 22 அன்று முதல்வர் ஜெயலலிதா அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து 75 நாட்கள், சென்னை கிரீம்ஸ் சாலைப் பக்கம் நேரலைக்கான ஓ.பி. வேன்கள் வரிசைகட்டி நின்றன. கூரையில் டிஷ், உள்ளே ஜெனரேட்டர். செயற்கைக்கோளுக்கு அப்லிங்க் செய்ய ஒரு பொறியாளர், வண்டிக்கு ஓட்டுநர், கேமராவுக்கு ஒளிப்பதிவாளர், கேபிள் இழுக்க உதவியாளர், மைக்குடன் செய்தியாளர். ஒரு நேரலைக்கு ஐந்து பேர். இன்று அப்படியொரு செய்தி என்றால் பல சேனல்களிலிருந்து தலா இரண்டு பேர்தான் வருவார்கள். ஒருவர் முதுகில் ஒரு பை தொங்கும். மாவட்டங்களில் ஒரே ஆள், கையில் செல்போன்.

அந்தப் பைக்குள் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகள் இருக்கின்றன. கேமராவிலிருந்து வரும் படத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, சிக்னலுக்கு ஏற்ப எல்லா சிம்கள் வழியாகவும் பங்கிட்டு அனுப்பும். நிலையத்திலுள்ள சர்வர் அவற்றைக் கோத்து மீண்டும் படமாக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, வேனுக்கும் செயற்கைக்கோள் வாடகைக்கும் செலவழிப்பது முதலாளிகளுக்கு வீண் என்று பட்டது. மாநாட்டுத் திடலில் லட்சம் பேர் ஒரே டவரில் போனை எடுத்தால் பை திணறும் என்பது வேறு கதை. அன்றைக்கு மட்டும் பழைய வேனைத் தேடுவார்கள்.

தொலைக்காட்சியில் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஏஐ செய்தி வாசிப்பாளர்களிடம் போய்விடுகிறார்கள். 2023 ஜூலையில் ஒடிசாவின் ஓடிவி ‘லிசா’வைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் டிடி கிசானில் ‘கிரிஷ்’, ‘பூமி’ என்று இருவர் வந்தார்கள். களைப்பில்லாமல் 24 மணி நேரமும் வாசிப்பார்கள், 50 மொழிகளில் பேசுவார்கள் என்று அரசு அறிவித்தது. பழனிக்கும் பவானிக்கும் எழுத்தில் ஒரே ‘ப’தான், உச்சரிப்பு வேறு, இதை யாராவது ஊர் ஊராக இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும் நடந்துவிடும். ஆனால், ஒரு சேனலில் வாசிப்பாளர்கள் சிலர்தான். திரையில் முகம் தெரிவதால் அவர்களுக்காகக் கவலைப்படுகிறோம். முகம் தெரியாதவர்களின் வேலை அதற்கு வெகு முன்பே மாறிவிட்டது.

டேப் காலத்து எடிட் அறையில் இரண்டு மெஷின்கள் இருக்கும். ஒன்றில் படம்பிடித்து வந்த கேசட் ஓடும், மற்றதில் தொகுப்பு பதிவாகும். ஐந்து நிமிடத் தொகுப்பில் இரண்டாவது நிமிடத்திலிருந்து பத்து விநாடியை எடுக்க வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி ஏற்ற வேண்டும். அதனால் முதல் வெட்டுக்கு முன்பே எடிட்டரும் செய்தியாளரும் உட்கார்ந்து எந்த ஷாட், யாருடைய பைட் (பேட்டித் துணுக்கு), எத்தனை விநாடி என்று முடிவு செய்தாக வேண்டும். அங்கே நடக்கும் சண்டையில்தான் புதிதாக வந்தவர் தொழில் கற்றார். இன்று பிரீமியர் மென்பொருளில் அதே திருத்தம் சில நொடி வேலை. அந்தப் பழைய மெஷின்கள் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஆனால், எடிட்டரின் நாற்காலியில் செய்தியாளரே உட்காரும்போது, ‘இந்த பைட் எதற்கு? இவர் சொல்வது உண்மையா?’ என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. உதவியாளராகச் சேர்ந்து, கேபிள் சுருட்டி, சீனியருடன் திரிந்து ஒளிப்பதிவாளராக உயரும் ஏணியின் கீழ்ப்படிகளும் அப்படித்தான் போயின.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்று வைத்துக்கொள்வோம். செய்தியாளர் முதலில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பிரேக்கிங் கார்டுக்கு இரண்டு வரி போட வேண்டும். போனைக் கிடையாகப் பிடித்து டிவிக்கு விஷுவல். நிமிர்த்திப் பிடித்து ஷார்ட்ஸுக்கு இன்னொன்று. ஆட்சியர் வந்தால் பைட். பிறகு ஃபோனோ (போனிலேயே நேரடித் தகவல்), அப்புறம் லைவ். இத்தனைக்கும் நடுவே, இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தீயணைப்புத் துறை, மருத்துவமனை, வருவாய்த் துறை மூன்றிடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இந்தப் பட்டியலில் தள்ளிப்போடக்கூடியது எது? கடைசி வேலைதான். மற்றவை தாமதமானால் டெஸ்க்கிலிருந்து போன் வரும். சரிபார்க்காததற்குத் தவறு வெளியான பிறகுதான் போன் வரும். இவரே நிரந்தர ஊழியரல்லாத ஸ்டிரிங்கராக இருந்தால் பெட்ரோல், போன், டேட்டா எல்லாம் பெரும்பாலும் அவர் கைக்காசு. செய்திக்கு இவ்வளவு என்றுதான் கூலி.

டெஸ்க்கும் முன்புபோல் இல்லை. பார்வையாளர் கணக்கான டிஆர்பி வாரம் ஒருமுறை வரும். வியாழக்கிழமை திட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் வேலையைப் பார்க்கலாம். இப்போது யூடியூப் நேரலையை இந்த நொடியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் கண்ணெதிரே ஓடுகிறது. எண் இறங்கினால் விவாதத்தை வெட்டிவிட்டு வேறு லைவுக்குப் போகும் ஆசை யாருக்கும் வரும். தம்ப்நெயிலில் ‘பரபரப்பு’, ‘அதிர்ச்சி’ என்று போடுபவர் அநேகமாக அந்தச் செய்தியை எழுதியவராகக்கூட இருக்க மாட்டார்.

புது வேலைகளும் வந்திருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஐபிஎல் தமிழ் வர்ணனை ஒரு பெரிய களமாகியிருக்கிறது. ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தாலும் மும்பை ஸ்டுடியோவில் திரையைப் பார்த்தபடியே தமிழில் பேசுகிறார்கள். ஸ்டுடியோ கேபிள்களின் இடத்துக்கு நெட்வொர்க் வருவதால், டிரான்ஸ்மிட்டரும் ஆன்டெனாவும் படித்த பொறியாளர் ஐபி முகவரியும் சர்வர் பாதுகாப்பும் கற்றுக்கொள்கிறார். கற்காதவர் வெளியே போகிறார்.

எந்தத் திறனைக் கற்பது என்பதில்தான் நம் கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைகள் பெரும்பாலும் கோட்டைவிடுகின்றன. மூன்று ஆண்டுகள் மென்பொருள் கற்றுக்கொடுக்கிறார்கள். மாணவர் வெளியே வருவதற்குள் அதில் பாதியை ஏஐ பட்டன்கள் செய்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ எந்த ஊரில், எந்த ஆண்டு எடுத்தது என்று கண்டுபிடிப்பது, போலிக் குரலை இனம்காண்பது, முதல் தகவல் அறிக்கையையும் நீதிமன்றத் தீர்ப்பையும் படித்துப் புரிந்துகொள்வது ஆகியவை அரிதாகவே பாடமாகின்றன. சேனல்களும் புது கேமராவுக்குப் பணம் ஒதுக்குகின்றன, பயிற்சிக்கு ஒரு வாரம் ஒதுக்கத் தயங்குகின்றன.

சட்டப் பாதுகாப்பும் தாமதமாகவே வந்தது. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாள் ஊழியர்களுக்கானதாக இருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் அதற்கு வெளியிலேயே நின்றார்கள். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம்தான் மின்னணு ஊடகத்தையும் டிஜிட்டல் ஊடகத்தையும் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் சேர்த்தது. செல்போனுடன் தனியாக நிற்கும் ஸ்டிரிங்கர் அதில் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? அவருடைய வேலைநேரத்தை யார் கணக்கிடுவது? பத்திரிகையாளர் சங்கங்கள் இந்தக் கேள்விகளைத் தொழிலாளர் துறையிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.