குட்டை வெட்டினால் மட்டும் போதுமா?

மானாவாரி நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டுவது நல்ல காரியம் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் வெட்டிய குட்டையைப் பருவம் அறிந்து பேணுவதில் நாம் காட்டும் அக்கறை போதாது. கார்த்திகையில் நிரம்பி வழிந்த குட்டை பங்குனியில் வறண்டு கிடந்தால் மழையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெயில் குடிக்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. 100 அடி நீளமும் 100 அடி அகலமும் உள்ள நீர்ப்பரப்பில், கோடை நாள் ஒன்றில் 5 மில்லி மீட்டர் ஆவியானால் ஏறத்தாழ 4,600 லிட்டர் போய்விடும். இதே அளவில் மாதத்துக்கு அரை அடி. மாசி முதல் வைகாசி வரை இரண்டு அடி. ஐந்தடி ஆழக் குட்டைக்கு இது பெரிய நட்டம். பத்தடிக் குட்டை தாங்கிக்கொள்ளும். ஆவியாவது பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது அன்று. எனவே பாறை தடுக்காத இடத்தில் அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவதே அறிவுடைமை. காற்று வரும் திசையில் அகத்தி, சவுண்டல் போன்ற மரங்களை வரிசையாக வைத்தால் ஆவியாதல் குறையும். ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும். கரைமீது மட்டும் மரம் வைக்கலாகாது. வேர் துளைத்துக் கசிவு உண்டாகும்.

மண்ணின் குணமும் அறிய வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் நீர் ஊறிப்போகும். களிமண் பூசிக் கெட்டிப்படுத்துவது நன்று. பிளாஸ்டிக் விரிப்பு போட்டவர்கள், வெயில் படும் விளிம்பை மண்ணால் மூடி வைக்க வேண்டும். இல்லையேல் அது விரைவில் நைந்துவிடும். கரிசலில் குட்டை வற்றியதும் அடி வெடிக்கும். புதுமழைக்கு முன் அதைக் கொத்திக் கெட்டிப்படுத்துவது அவசியம்.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. ஆகவே ஆடி, ஆவணியிலேயே தூர் வாரி முடிக்க வேண்டும். எடுத்த வண்டலை வயலில் பரப்பினால் மண் வளம் பெறும். நீர் நுழையும் இடத்தில் சிறு வண்டல் குழி எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு வேலை பாதியாகும். உரம் இட்ட வயலின் கழிவுநீர் குட்டையில் சேர்ந்தால், கோடைச் சூட்டில் பாசி பெருகிச் சொட்டுநீர்க் குழாயை அடைக்கும். அந்த நீரை வேறு பக்கம் திருப்பிவிடுவது நலம்.

மழையும் இப்போது ஒரே சீராக இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டி மீட்டருக்கு மேல் கொட்டியது. வறட்சிக்கு ஆழம் காவல். வெள்ளத்துக்கு உறுதியான கலங்கல் காவல். கலங்கல் இல்லாத குட்டையின் கரை ஒரே இரவில் உடைந்து, கீழ் வயல்காரரின் பயிரையும் அழித்துவிடும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை குட்டைகள் வெட்டப்பட்டன என்ற கணக்கு மட்டும் போதாது. சித்திரை மாதத்தில் எத்தனை குட்டைகளில் தண்ணீர் நின்றது என்ற கணக்கும் எடுக்கப்பட வேண்டும். வாடும் பயிருக்கு ஒரு தண்ணீர் கொடுக்க உதவும் குட்டையே குட்டை. மற்றதெல்லாம் வெறும் பள்ளம். அதற்காக நாம் இழந்தது விளையும் நிலம்.