தாயின் வழக்கும் மழலையின் சிறைவாசமும்

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்திலோ அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலோ ஒரு பெண், வரப்புத் தகராறிலோ குடும்பக் கலகத்திலோ சிக்கிக் கைதாகி, மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின் பேரில் நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்பட்டால், அவள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் திருச்சி மகளிர் சிறையே. அவள் இடுப்பில் பால்குடி மறவாத குழந்தை இருந்து, அதை ஏற்று வளர்க்க வீட்டில் நாதியில்லாமற் போனால், எந்தச் சட்டப் பிரிவும் குற்றம் சாட்டாத அந்தச் சிசுவும் தாயோடு சேர்ந்து உள்ளே போகிறது.

இத்தகைய குழந்தைகளைக் குறித்து உச்ச நீதிமன்றம், ஆர். டி. உபாத்யாய் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்ற வழக்கில், 2006 ஏப்ரலில் வகுத்த நெறிகள் கருணையும் விவேகமும் கலந்தவை. ஆறு பிராயம் வரை குழந்தை தாயுடன் இருக்கலாம்; அதைக் கைதியாக நடத்தலாகாது; பிரசவம் கூடியவரை சிறைக்கு வெளியே நிகழவேண்டும்; சிறையிலே பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் அவ்விடத்தின் பெயர் ஏறலாகாது; உணவும் உடையும் வைத்தியமும் கல்வியும் அதன் உரிமை; காப்பகமும் பாலர் பள்ளியும் இயன்றவரை மதிலுக்கு வெளியே நடக்கவேண்டும். இவ்வளவும் ஏன் தேவைப்பட்டதென்பதை அத்தீர்ப்பே எடுத்துரைக்கும் ஓர் ஆய்வு உணர்த்துகிறது: பெண்களிடையே மட்டுமே வளர்ந்த சில சிறுவர்கள் தம்மைப் பெண்பாலிலேயே சொல்லிக்கொண்டார்களாம், தெருவிலே திரியும் நாயையும் பூனையையும் கண்டு குழந்தைகள் அஞ்சி நடுங்கினவாம்.

தாயையும் சேயையும் பிரிக்காதிருக்கும் ஏற்பாடுகள் உலகுக்குப் புதியவை அல்ல. நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் சிறையில் 1901 முதலே குழந்தைப் பகுதி இயங்கிவருகிறது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேர் திறந்தவெளிச் சிறையில் தண்டனைக் கைதிகள் குடும்பத்தோடு வசித்து, பகலில் வெளியே சென்று உழைத்துப் பிழைக்கிறார்கள். சிறைக்குள்ளே தொட்டில் கட்டுவதைக் காட்டிலும், சிறையின் மதிலையே தாழ்த்திவிடும் சாங்கனேரின் முறை மேலானதென்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் இவ்விஷயத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று நம் நாட்டுச் சிறைகளில் 1,537 பெண்களோடு 1,764 குழந்தைகள் இருந்தார்கள்; அக்குழந்தைகளுள் 1,479 பேர் விசாரணைக் கைதிகளின் குழந்தைகள்; தண்டனை பெற்றவர்களின் குழந்தைகள் 230 பேர்தாம். குற்றம் இன்னும் ருசுவாகாத தாய்மார்களின் மக்களே பெரும்பான்மையினராய் அடைபட்டுக் கிடக்கும்போது, உள்ளே வண்ணம் பூசிய அறையும் விளையாட்டுச் சாமான்களும் அமைத்துத் திருப்தியடைவது நியாயமாகாது. அக்குழந்தைக்கு முதலில் செய்யத்தக்க உபகாரம் தாயை ஜாமீனில் விடுவதே. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றச்சாட்டிலும் பெண்ணுக்கு ஜாமீன் வழங்கலாமென்று முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437-ஆம் பிரிவு இடங்கொடுத்தது. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆம் பிரிவும் இடங்கொடுக்கிறது. சட்டம் திறந்துவைத்த வாயில், அதைச் சுட்டிக்காட்டி வாதாட ஆளில்லாமையால் ஏழைக்கு மட்டும் அடைபட்டுப் போகிறது.

ஜாமீன் உத்தரவான பிறகும் துன்பம் தீர்வதில்லை. இரண்டு ஜாமீன்தாரர், அவர்களுள் ஒருவர் இரத்த சம்பந்தி, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று கேட்கும்போது, கணவன் கைவிட்டவளுக்கும் பிறந்த வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டவளுக்கும் யார் வந்து கையொப்பமிடுவார்கள்? ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளுக்குள் வெளிவராதவர்களைப் பற்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சிறைக் கண்காணிப்பாளர் அறிவிக்கவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கட்டளையிட்டது, இந்த அவலத்தை உணர்ந்தே.

ஆகவே காவலுக்கு அனுப்புமுன், “உனக்குக் குழந்தை உண்டா, அது யாரிடம் இருக்கிறது?” என்ற கேள்வியை ஒவ்வொரு மாஜிஸ்டிரேட்டும் கேட்டு, விடையைப் பதிவு செய்யவேண்டும். அரியலூர், ஜெயங்கொண்டம் வழக்கறிஞர் பெருமக்கள், கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணின் ஜாமீன் மனுவைக் கட்டணம் கருதாது அன்றைக்கே தாக்கல் செய்யவேண்டும். விக்கிரமங்கலம் முதலிய ஊர்களின் பெரியோர்கள், இரத்த சம்பந்தி வேண்டுமென்ற நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் இசையுமிடத்து, ஜாமீன் நிற்க முன்வரவேண்டும் என்று அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.