பருத்திக் காட்டுக் கிதார்



ரவாங்கில் எங்கள் வீட்டில் சென்ற மாதம் ஒரு மனத்தாங்கல். படிவம் நான்கில் படிக்கும் மகன், "நாம் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று என் கூட்டாளிகளிடம் சொல்லாதீர்கள்" என்றான். மாமியார் முகம் வாடிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. லோரி ஓட்டிய காலத்தில் பாசார் மாலாமில் வாங்கிய பழைய கேசட் ஒன்றைப் போட்டார். நாதஸ்வரக்காரர் சுரத்தை இழைப்பதுபோல், தந்திமேல் குழாயை வழுக்கி யாரோ கிதாரை அழ வைத்தார்.

"யாருப்பா இது?" மகன் கிட்டே வந்து உட்கார்ந்தான்.

"மடி வாட்டர்ஸ். அமெரிக்காவில், மிசிசிப்பியில், ஸ்டோவல் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். இந்தப் புளூஸ் இசையே கறுப்பின மக்கள் காட்டு வேலையில் பாடிய பாட்டிலிருந்து வளர்ந்ததுதான். 1941-இல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் காங்கிரஸ் நூலகத்துக்காகக் கருவியோடு தோட்டத்துக்கே போய் இவர் பாட்டைப் பதிவு செய்தார். தம் குரலைத் தாமே கேட்டதும் இவருக்குத் துணிவு வந்தது. 1943-இல் சிக்காகோ போனார். மின்கிதாரில் உலகப் புகழ் பெற்றார்."

மகன் வெகுநேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு கைத்தொலைபேசியோடு பாட்டியிடம் போனான். "பால்மரக் காட்டிலே பாடுவீங்களாமே, பாடுங்க பாட்டி."

"இத்தனை நாளா யாருய்யா கேட்டீங்க?"

இரண்டடி பாடினார். மூன்றாவது அடி நினைவுக்கு வரவில்லை.

கருவியோடு யாராவது வருவார் என்று காத்திருக்க வேண்டாம், சகோதரிகளே. உங்கள் வீட்டுப் பாட்டியிடம் இன்றே கேளுங்கள்.