நடையும் நடையும்

என்னைவிட ஒன்பது வயது மூத்த நண்பர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அண்ணன் என்றே அழைப்பேன். கல்லூரிக் காலத்தில் புதுமைப்பித்தனையும் செகாவையும் என் கையில் திணித்தவர் அவர்தான். அவர் வீட்டின் முன்னறையில் நான்கு சுவர்களிலும் புத்தகங்கள். ஐந்தாவது சுவர் இருந்தால் அதிலும் இருக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் அங்கே சென்று உரக்க வாசிக்கிறேன்; அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருபதாண்டுச் சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைச் சிதைத்துவிட்டது. எதிரே அமர்ந்திருப்பவரின் உருவம் தெரியும். எழுத்து தெரியாது.

ஒருநாள் வாசிப்பின் நடுவே, "வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள் என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். கண் நன்றாகத்தானே தெரிகிறது, எதற்கு ஒரு முழுநாளை வீணாக்குவது என்று ஒரு நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த நாட்களில் அவருடைய அந்த அலட்சியத்தை வியந்து நின்றவர்களில் நானும் ஒருவன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வியப்பைப் பற்றிய வெட்கமே. இலக்கியம் பேசும் நம்மிடையே எழுதப்படாத ஒரு மதம் உண்டு. உடம்பைப் பேணுகிறவன் லௌகீகி. உடம்பை மறந்தவனே உண்மையான வாசகன். விடிய விடியப் படித்ததையும், சாப்பிட மறந்ததையும், ஒரே அமர்வில் அறுநூறு பக்கம் முடித்ததையும் நாம் பதக்கங்களைப்போல் மார்பில் குத்திக்கொள்கிறோம். காலையில் நடைபயிற்சிக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் கூட்டத்தில் ஒரு புன்னகை ஓடுகிறது. அந்தப் புன்னகையை நானும் புன்னகைத்திருக்கிறேன்.

இந்த மதத்திற்குப் புனிதர்களும் உண்டு. பாரதி 1921இல் மறைந்தபோது வயது 38. கு.ப.ரா. 1944இல், புதுமைப்பித்தன் 1948இல். இருவருக்கும் வயது 42. வெளியே பார்த்தால் செகாவ் 44, காஃப்கா 40. இந்த எண்களை வரிசையாக அடுக்கிவிட்டு, மேதைமை உடம்பைத் தின்றுதான் வளரும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் புதுமைப்பித்தனைக் கொன்றது மேதைமை அன்று, காசநோய். அந்நோய்க்கு முதன்முதலாகப் பயனளித்த ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பிரிட்டனில் அதை முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வின் முடிவு அச்சில் வந்தது 1948 அக்டோபரில். புதுமைப்பித்தன் அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இறந்துவிட்டார். இந்த நான்கு மாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவருக்கு வாய்க்காதது மருந்தும் வசதியும். அந்த இல்லாமையை நாம் ஓர் அழகியலாக்கி, மருந்தும் வசதியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நம் வாழ்க்கைக்கு முன்மாதிரியாகக் கொள்கிறோம். இதைவிட அவருக்குப் பெரிய அவமதிப்பு இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். உ.வே.சா. தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல், எண்பது வயதைக் கடந்தபின். அறுபதில் அவர் போயிருந்தால் அந்த நூல் நமக்கில்லை. கி.ராஜநாராயணன் இளமையில் காசநோயில் விழுந்து எழுந்தவர். கோபல்ல கிராமம் வெளிவந்த 1976இல் அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதன்பின் 2021 வரை நம்மோடு இருந்தார். இவர்கள் ஒழுங்கான பழக்கங்களால்தான் நீண்டநாள் இருந்தார்கள் என்று நான் வாதிடவில்லை. பரம்பரையும் அதிர்ஷ்டமும் அதில் பங்கு கேட்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: நீண்ட ஆயுள் இலக்கியத்திற்குப் பகையாக இருந்ததில்லை. ஜப்பானிய நாவலாசிரியர் முரகாமி இதை வெளிப்படையாகவே சொன்னவர். 1982இல் ஓடத் தொடங்கியவர் அவர். நாவல் எழுதும் மாதங்களில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணிநேரம் எழுதுவதும், பிற்பகலில் ஓடுவதும் அல்லது நீந்துவதும், இரவு ஒன்பதுக்கு உறங்கிவிடுவதும் அவர் வழக்கம். நீண்ட நாவலுக்குக் கற்பனை மட்டும் போதாது, உடல்வலுவும் வேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய நாவல்கள் எனக்கு அத்தனை உவப்பானவை அல்ல. இந்தக் கட்சி உவப்பானது.

வாசகனுக்கென்றே ஒரு தொழில்நோய் உண்டென்றால் அது உட்கார்ந்திருத்தல். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் இரண்டடுக்குப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே பேருந்தில், ஒரே தெருக்களில், ஏறத்தாழ ஒரே சமூகச் சூழலிலிருந்து வந்தவர்கள். ஆயினும் நாள்முழுதும் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. சீருடையின் இடுப்பளவு உட்பட வேறு காரணங்கள் உண்டா என்று மாரிஸே பின்னர் துருவிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெருத்திருந்தது உண்மைதான். ஆனால் அதனால் மட்டும் அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. அவர் 2009இல் தம் 99ஆம் வயதில் காலமானார். படிக்கிற நாம் அனைவரும் அந்தப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறோம்.

எனக்கு 43ஆம் வயதில் சர்க்கரை கண்டறியப்பட்டபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருப்பீர்கள்?" என்பது. நான் பெருமையோடு சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாதது அவருடைய பண்பு. அவர் சொன்னவை மிக எளியவை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நட. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில். உண்டபின் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழித்துவிடுகின்றன என்பதே இதன் சூட்சுமம். நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்தாகவேண்டும் என்ற பேச்சு என்னை முதலில் மிரட்டியது. பிறகு தெரிந்துகொண்டேன்: அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. அமெரிக்காவில் முதிய பெண்களை வைத்து நடந்த, 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடியளவில் அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது. ஆக, ஒன்றுமில்லாததிலிருந்து கொஞ்சத்துக்குப் போவதுதான் பெரிய தாண்டல். கையில் கட்டிக்கொண்ட கருவியின் எண்ணுக்கு அடிமையாவது வேறொரு நோய்.

உணவைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்தார். பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் அளவையும் நேரத்தையும் பசியையும் பற்றியே பேசுகின்றன. மருந்து என்று தலைப்பிட்டுவிட்டுச் சோற்றைப் பற்றிப் பேசியதில் ஒரு குறும்பு இருக்கிறது. இன்றைய கணக்குகள் அதை மெய்ப்பிக்கவும் செய்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப்பேர், அந்த நோயின் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப்பேர். நம் தட்டில் சோறு மலையாகவும் காய் அதன் ஓரத்தில் ஒரு தொடுகறியாகவும் இருக்கிறது. நான் செய்ததெல்லாம் இவ்விரண்டையும் இடம் மாற்றியதுதான். முதல் ஒரு மாதம் பசித்தது. பின்னர் பழகிவிட்டது. அரிசியை விரோதியாக்கும் புதுமோகத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அளவில் நம்பிக்கை உண்டு.

மிகக் கடினமாக இருந்தது உறக்கம். இரவு இரண்டு மணி வரை படிப்பவன் என்ற அடையாளத்தை விடுவதற்கு எனக்கு ஓராண்டு பிடித்தது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணிநேர உறக்கமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதை ஒரு சலுகையைப்போல் எண்ணியிருந்தேன். உண்மையில் இரண்டு மணிக்குப் படித்தது ஏழு மணிக்கு நினைவில் இருந்ததில்லை. பகலில் படித்ததைப் பதியவைக்கும் வேலையில் உறக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பதை அறிந்தபோது, இத்தனை ஆண்டுகள் ஓட்டைப் பானையில் நீர் மொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தப் பின்னிரவுகளில் கடைசிச் சில ஆண்டுகளாக என் கையில் இருந்தது புத்தகம்கூட அன்று, அலைபேசி. அதை இப்போது பத்தரைக்கு வேறு அறையில் வைத்துவிடுகிறேன்.

மனத்தைப் பற்றிச் சொல்லும்போது கவனமாக இருக்கவேண்டும். இலக்கியமே மனத்துக்கு மருந்து என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்க உளவியலாளர் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தம்மை உலுக்கிய அனுபவங்களைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதிய மாணவர்களுள், நிகழ்ச்சியோடு தம் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே சென்றார்கள். ஆனால் எழுதிய உடனே அவர்களுக்கு மனச்சுமை கூடியது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. நாட்குறிப்பு நல்ல பழக்கம். மருத்துவத்துக்கு மாற்று அன்று. வாரக்கணக்கில் உறக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருப்பதே பாரமாகத் தோன்றுகிறது என்றால், அதைக் கவிதையின் மூலப்பொருள் என்று சேமித்து வைக்கக்கூடாது. ஒரு மனநல மருத்துவரிடம் போகவேண்டும். அதற்குத் தயக்கமாக இருந்தால் டெலிமானஸ் என்ற அரசுச் சேவை 2022 முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசுகிறது. நம் நண்பர் வட்டத்தில் ஒருவர் திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்டால் 'எழுதிக்கொண்டிருக்கிறார் போலும்' என்று விட்டுவிடுவது நம் வழக்கம். இனி ஒருமுறை அழைத்துக் கேட்டுவிடுவோம்.

இதெல்லாம் நேரமும் பூங்காவும் உள்ளவர்களுக்கான பேச்சு என்று ஒரு மறுப்பு வரக்கூடும். அது நியாயமான மறுப்பு. என் மனைவியிடம் நடைப் பெருமையைப் பேசியபோது அவர் கேட்டார்: "சாப்பிட்டவுடன் நீங்கள் நடக்கப் போய்விட்டால் பாத்திரத்தை யார் கழுவுவது?" வீட்டு வேலையே பெண்களுக்கு உடற்பயிற்சி என்று சொல்லிப் பழகிய நாக்கு எனக்கும் உண்டு. இப்போது இருவரும் சேர்ந்து கழுவிவிட்டு, சேர்ந்து நடக்கிறோம். பழக்கம் என்பது தனியொருவனின் வைராக்கியத்தில் நிற்பதில்லை. வீட்டில் வேலையை எப்படிப் பகிர்கிறோம் என்பதிலும், தெருவில் நடைபாதை இருக்கிறதா என்பதிலும் நிற்கிறது. இவற்றைக் கேட்டுப் பெறுவதும் உடல்நலத்தின் பகுதியே.

தமிழில் நடை என்ற ஒரே சொல் காலின் செயலுக்கும் எழுத்தின் தன்மைக்கும் வழங்குகிறது. இரண்டுக்கும் தேவையானது ஒன்றே என்று இப்போது எனக்குப் படுகிறது. ஒருநாள் ஆவேசத்தில் இரண்டுமே அமைவதில்லை. நாளும் கொஞ்சம், விட்டுவிடாமல் கொஞ்சம்.

சென்ற ஞாயிறு அண்ணனுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது என் குரல் கம்மியது. போதும், நிறுத்து என்றார். பிறகு, "கண் டெஸ்ட் எடுத்தாயா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன், இதுவரை ஒன்றுமில்லை என்றேன். "அடுத்த வருஷமும் எடு" என்றார். விழித்திரை பழுதுபடும் தொடக்க நிலையில் எந்த அறிகுறியும் தெரியாது. அப்போதே கண்டுகொண்டால் லேசர் சிகிச்சையும் ஊசியும் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். இதைப் படிக்கும் உங்களுள் சர்க்கரை உள்ளவர்கள் இவ்வாண்டு கண்ணைச் சோதித்துக்கொள்ளவில்லை என்றால், கையிலிருக்கும் நாவலை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டுப் போய் வாருங்கள். நாவல் எங்கும் போய்விடாது.