எது மையப் பணி? அறுவை அரங்கைக் கேளுங்கள்

ஒரகடத்து ஆலையில் பிரஸ் மெஷினில் ஒரு தொழிலாளியின் விரல் நசுங்குகிறது. மருத்துவமனையில் அவரை ட்ராலியில் தள்ளிக்கொண்டு போய் மேசையில் கிடத்துவது யார்? துண்டான விரலை மஞ்சள் பையில் கட்டுவது யார்? தரையில் சிந்திய ரத்தத்தை ஹைப்போகுளோரைட் ஊற்றித் துடைத்து, அடுத்த நோயாளிக்கு அரங்கைத் தயார் செய்வது யார்?

ஓ.டி. உதவியாளர். வடக்குப்பட்டு வட்டாரத்துச் சேரிகளில் நாம் பார்க்கும் வீடுகளில் அண்ணன் ஆலையில் ஒப்பந்தம், அக்கா மருத்துவமனையில் ஒப்பந்தம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரையறையைப் படியுங்கள் தோழர்களே. துப்புரவுக்காகவே நடத்தப்படும் நிறுவனமாக இல்லாவிட்டால் பெருக்குவது, துடைப்பது, கழிவு அகற்றுவது எதுவும் மையப் பணி அல்லவாம்!

அறுவை அரங்கில் இது எவ்வளவு பெரிய பொய்! அரங்கு சுத்தமாகாமல் எந்த மருத்துவராவது கத்தியைத் தொடுவாரா? அங்கே துப்புரவு என்பது சிகிச்சையின் முதல் படி. தையல் போடும் கை மையம், ரத்தம் துடைக்கும் கை ஓரம் என்று பிரித்தது மருத்துவ அறிவியல் அல்ல. ஊரையும் சேரியையும் பிரித்த அதே புத்தி.

"படிக்காதவர்களுக்கு வேலை கிடைக்கிறதே" என்பார்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதே வேலை ஒப்பந்ததாரர் கைக்குப் போனதும் ரோஸ்டர் காணாமல் போகிறது. இட ஒதுக்கீடே இல்லாத இடத்தில், துடைப்பம் பிடிக்க மட்டும் நம் மக்களே எப்படி வந்து நிறைகிறார்கள்? இதுதான் சாதியின் இட ஒதுக்கீடு. இதை எதிர்த்து எந்தத் 'தகுதி'க்காரரும் நீதிமன்றம் போனதில்லை.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் போராடியதும் இந்தத் தனியார்மயத்தை எதிர்த்துத்தான். நள்ளிரவில் கைது செய்தார்கள். மாநகராட்சிக் குப்பைக்கும் மருத்துவமனை ரத்தத்துக்கும் ஒரே நீதிதான்.

ஊசி குத்தினால் ஒப்பந்தம் பார்க்காது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் தடுப்பூசி, பயிற்சி, ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை தர வேண்டும் என்கின்றன. இது மருத்துவமனையின் பொறுப்பு. "ஏஜென்சியிடம் கேள்" என்று கைகழுவ முடியாது.

மாணவத் தோழர்களே, உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மூன்று கேள்விகள் போதும். அறுவை அரங்கில் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்குத் தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டது? நிரந்தரப் பணியிடங்களில் எத்தனை காலி?

நம் கோரிக்கை கருணை அல்ல. ஓ.டி. உதவியாளர் பணியிடங்களை நிரந்தரமாக்கு. இட ஒதுக்கீட்டில் நிரப்பு. இப்போது வேலை செய்பவர்களுக்கே முன்னுரிமை கொடு. அவர்கள் ஓ.டி. டெக்னீஷியன் படிப்பு முடிக்கச் சம்பளத்துடன் விடுப்பு கொடு. பத்து வருடம் அரங்குக்குள் நின்றவர் துடைப்பத்தோடுதான் ஓய்வு பெற வேண்டும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் எழுதியில்லை. அது மனுவின் புத்தகத்தில்தான் இருக்கிறது.